மலைக்குள் போன சிவபாக்கியம் அக்கா

ஒஸ்திரியாவின் சால்ஸ்பூர்க் நகரத்தில், சொக்லேற் பெட்டிகளில் எல்லாம் முகம் அச்சடித்து விற்கிறார்களே, அந்த இசைமேதை பிறந்த வீட்டை இரண்டு கோடைகாலங்களாக நான் பிழையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். உண்மையான வீடு மஞ்சள் நிறம். இன்னார் பிறந்த வீடு என்று சுவரிலேயே எழுதியிருக்கிறார்கள். தெருமுனையிலிருந்து மூக்குக்கண்ணாடி இல்லாமல் வாசிக்கலாம். நான் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, எதிர்ப்பக்கத்தில் கைப்பை விற்கிற கடையின் மேல்மாடியைக் காட்டி, “அந்த யன்னலைப் பாருங்கோ, அங்கைதான் அந்தக் குழந்தை முதல்முதல் அழுதது” என்று உருகுவேன். பஸ் நிறைந்த சனம் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கும். சில பெண்கள் கண்ணைத் துடைத்ததும் உண்டு. கடைசியில் ஒரு யப்பானியப் பெண் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், என் இரு தோளையும் பிடித்து என்னை மறுபக்கம் திருப்பிவிட்டார். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் பான் நகரத்துத் தமிழ் வீடுகளின் அல்பங்களில் அந்தக் கைப்பைக் கடை இன்னும் பத்திரமாக இருக்கிறது. நான் ஒருவருக்கும் திருத்தம் அனுப்பவில்லை.

அந்தப் பிழையால் எவருக்கும் கேடு வரவில்லை. ஒரு மேதை தெருவின் எந்தப் பக்கத்தில் பிறந்தாலும் செத்தவர் செத்தவர்தான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். நீங்கள் இப்போது இந்தச் சுற்றுலா பஸ்களில் ஒலிவாங்கியைப் பிடிக்க வந்திருக்கிறீர்கள். எந்த ஆயர் எந்தக் கோட்டையைக் கட்டினார், எந்தக் கூரை எந்தக் காலத்தது என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நானும் அங்கிருந்துதான் எடுத்தேன். புத்தகத்தில் இல்லாத ஒரு மத்தியானத்தைச் சொல்கிறேன்.

ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த அந்தச் சில ஆண்டுகள் உங்களுக்கு நினைவிருக்கலாம். போரில் மூடிக்கிடந்த பாதை திறந்தது. இங்கே இருந்த பிள்ளைகள் விசா எடுத்துத் தாய் தகப்பனைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டால் எதையாவது காட்ட வேண்டும், பிள்ளைகளுக்கோ வேலை. அதனால் எங்கள் பஸ்ஸுக்கு நல்ல காலம். காலையில் பானில் ஏறினால், இரவு பவேரியாவில் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விடுதி, அடுத்த நாள் சால்ஸ்பூர்க்.

அந்தப் பயணத்தில் சிவபாக்கியம் அக்கா வந்திருந்தார். ஊரில் தபால்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எல்லா இடம்பெயர்வுகளையும் பார்த்துவிட்டு அப்போதுதான் மகனிடம் வந்திருந்தார். மகனுக்கு வேலை என்பதால் மருமகள் வதனி கூட வந்தாள். அவளும் போர் உச்சத்தில் இருந்தபோது ஊரில் வளர்ந்து, கலியாணம் கட்டி பானுக்கு வந்தவள். பல் வைத்தியர் ஒருவரிடம் உதவியாளராக வேலை. பஸ் எல்லோருக்கும் மீன் ரோல்ஸ் அவள்தான் செய்துகொண்டு வந்திருந்தாள். முதல் நாள் முழுக்க எனக்குப் பின் இருக்கையிலிருந்து அதைப் பற்றிய விசாரணைதான் கேட்டுக்கொண்டிருந்தது.

“உதுக்குள்ளை கிழங்கைத்தான் காணுறன். மீன் எங்கை பிள்ளை?”

“மீன் நீந்திப் போட்டுது மாமி.”

“எங்கடை வீட்டிலை செய்தா மீன் நிக்கும்.”

“உங்கடை ரோல்ஸுக்கு மேலை ஆரும் ஏறி நிக்கலாம். அவ்வளவு கல்லு.”

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. ஆனால் வதனி நேரத்துக்கு நேரம் மாமியாரின் விரலைக் குத்திச் சீனி பார்ப்பதையும், அக்கா அதற்குக் கையை நீட்டிக்கொண்டே பேச்சைத் தொடர்வதையும் கண்ணாடியில் கண்டேன். அக்காவுக்குச் சீனி வருத்தம். இன்சுலின் ஊசி போட்ட கையோடு சாப்பிட வேண்டும், சாப்பிடாவிட்டால் ஆபத்து. இதை வதனி என்னிடம் இரண்டு முறை சொன்னாள். நான் இரண்டு முறையும் தலையாட்டினேன்.

இனி என் கெட்டித்தனம். விடுதியில் கிடந்த உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு செய்தி பார்த்தேன். அடுத்த நாள் ஏதோ கோயில் திருநாள். பழங்கால உடுப்புப் போட்ட வேட்டுக்காரர்கள் சால்ஸ்பூர்க் மலைமேல் வரிசையாக நின்று வானத்தை நோக்கி வெடி வைப்பார்களாம். பல தலைமுறையாக நடக்கிற வழக்கம். எந்த வழிகாட்டியும் தன் ஆட்களுக்கு இதைக் காட்டியிருக்க மாட்டான் என்று பட்டது. அதிலும், முன்கூட்டிச் சொல்லாமல் வைத்திருந்து, சரியான நேரத்தில் கையை மேலே தூக்கினால் எப்படி இருக்கும்! இரவு கண்ணாடிக்கு முன்னால் நின்று கையைத் தூக்கியும் பார்த்தேன்.

நான் நாட்டை விட்டு வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். போரைப் பற்றி வாசித்த புத்தகங்களை வீட்டில் ஒரு அலுமாரி முழுக்க அடுக்கி வைத்திருக்கிறேன். அந்த அலுமாரியை நம்பித்தான் இந்தத் திட்டம்.

நல்ல இடமாகப் பார்த்து எல்லோரையும் குதிரைக் குளத்தடியில் நிறுத்தினேன். ஆயர்களின் குதிரைகளைக் குளிப்பாட்டுவதற்காகச் சிலை வைத்துச் சித்திரம் தீட்டிக் கட்டிய குளம். பின்னால் செங்குத்தாக மலைப்பாறை, அதன்மேல் வேட்டுக்காரர்கள்.

“தம்பி, சாப்பாடு எப்ப?” என்று அக்கா கேட்டார். “ஊசியைப் போடவோ?”

“போடுங்கோ அக்கா. ஒரு சின்னப் புதினம் காட்டுறன். அது முடிஞ்ச கையோடை சாப்பாடு.”

வதனி தன் கோட்டை விரித்து மறைவு பிடிக்க, அக்கா என் வாக்கை நம்பி ஊசியைப் போட்டார். நான் தொண்டையைச் செருமி, கையைத் தூக்கி, “எல்லாரும் மேலை பாருங்கோ!” என்றேன்.

மலை வெடித்தது.

ஒரு வெடி இல்லை. வரிசையின் ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை ஓடியது. பாறையில் பட்டுத் தெறித்து, கட்டடங்களில் மோதி, திரும்பி எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்தது. நான் சிரித்த முகத்தோடு திரும்பினேன். என் முன்னால் பாதிச் சனம் இல்லை. கல்தரையில் முகம் குப்புறக் கிடந்தார்கள். ஒருவர் தன் மனைவியின் தலைமேல் தன் கைகளை வைத்திருந்தார். யார் எந்தக் காலத்தில் நாட்டை விட்டு வந்தார்கள் என்பதை அந்த ஒரு கணத்தில் எவரையும் கேட்காமல் தெரிந்துகொண்டேன். முன்னரே வந்துவிட்டவர்கள் அண்ணாந்து நின்றோம். பிந்தி வந்தவர்கள் கிடந்தார்கள். சற்றுத் தள்ளி நின்ற வெள்ளைக்காரர்கள் இதுவும் திருவிழாவில் ஒரு பகுதி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

தூக்கிய கையை இறக்கவும் எனக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் வதனியின் குரல்.

“மாமி எங்கை?”

அவள் முழங்கால் சிராய்த்து எழுந்து நின்றாள். கையில் கோட்டு மட்டும் இருந்தது. “இதிலைதான் இருந்தவ. என்ரை கையைத்தான் பிடிச்சுக்கொண்டிருந்தவ. அண்ணை, ஊசி போட்டிட்டா!”

“சாப்பிடாட்டி எவ்வளவு நேரம்...”

“முதல்லை வேர்க்கும், நடுங்கும். பிறகு மாறாட்டமாக் கதைப்பா. பிறகு நித்திரை மாதிரி. கூப்பிட்டாலும் கேளாது. அதுக்குப் பிறகு...” அவள் முடிக்கவில்லை.

மலைமேல் இரண்டாம் வரிசை வெடித்தது.

நான் வழிகாட்டி அல்லவா, உடனே ஒரு முடிவு எடுத்தேன். பக்தியுள்ள மனுசி, கோயிலுக்குள் ஓடியிருப்பார். பக்கத்துத் தேவாலயத்தை நோக்கி ஓடத் தொடங்கினேன். வதனி என் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள்.

“எங்கை ஓடுறியள்?”

“கோயிலுக்கை பாப்பம் பிள்ளை.”

“மாமி கோயிலுக்கை போகமாட்டா. கோயிலுக்கை போய் இருந்த சனத்துக்கு மேலை குண்டு விழுந்தது அவவுக்குத் தெரியும். அண்ணை, இஞ்சை நிலத்துக்குக் கீழை போற இடம் எது?”

அந்த நகரத்தில் உயரமாக உள்ள எல்லாவற்றையும் எனக்குத் தெரியும். எந்தக் கோபுரம் எத்தனை அடி என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். கீழே என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. அவள் என்னை விட்டுவிட்டுப் பாறையோரமாக நடந்தாள். பாறையில் ஒரு வாசல் இருந்தது. நான் நூறு முறை கடந்து போன வாசல். மலையைக் குடைந்து உள்ளே கார்கள் நிறுத்துகிறார்கள். வாசலில் ஒற்றைச் சப்பாத்து கிடந்தது. பானில் வதனி வாங்கிக் கொடுத்தது. கடிக்கிறது என்று அக்கா காலையிலிருந்து முறைப்பாடு சொன்ன அதே சப்பாத்து.

உள்ளே போனதும் குளிர் முகத்தில் அடித்தது. மாடி மாடியாக, கண்ணுக்கு எட்டிய தூரம் கார்கள். பாறைச் சுவர் ஈரமாக இருந்தது. வளைவுகளில் திடீரென்று முன்விளக்கு எரிந்துகொண்டு கார் வரும். வருகிற கார் எந்தப் பக்கத்தால் வருகிறது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்த இருட்டு மூலைகளில் ஒரு மெலிந்த மனுசி ஒற்றைச் சப்பாத்தோடு ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே ஓடினேன். குனிந்து குனிந்து கார்களின் அடியில் பார்த்தேன். ஒரு காரடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், அதன் சொந்தக்காரர் பிள்ளைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

வாசலுக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் காவலாளி இருந்தார். பெரிய மீசை, என் வயது. விசயத்தைச் சொன்னேன். வெடி, பயம், ஊசி, சாப்பாடு என்று என் ஜெர்மன் இலக்கணம் எல்லாம் உதிர்ந்து விழுந்தது. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒரு பொத்தானை அழுத்திக் கார் வரும் தடையை இறக்கினார். அம்புலன்ஸுக்கு அடித்தார். பிறகு மேலே பாறையைக் காட்டி, “உலகப் போர்க் காலத்தில் எங்கள் சனமும் இந்த மலைக்குள்தான் இருந்தது” என்றார். அவ்வளவுதான். ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளிவிட்டார். எல்லா மாடிக்கும் கேட்குமாம்.

ஒலிவாங்கி கையில் வந்ததும் எனக்கு உயிர் வந்தது. என் ஆயுதம் அல்லவா. பதற்றத்தைக் காட்டக்கூடாது, குரலில் அதிகாரம் இருக்க வேண்டும் என்று நினைத்து, செந்தமிழில் தொடங்கினேன்.

“திருமதி சிவபாக்கியம் அவர்களே! நீங்கள் எங்கிருந்தாலும் உடனடியாக வெளியே வரவும். பயப்பட வேண்டாம். உங்களுக்கு எந்த ஆபத்தும் நேராது. உடனடியாக வாசலுக்கு வரவும்.”

பாறை அதை வாங்கி, ஒவ்வொரு மாடியிலும் திருப்பிச் சொன்னது. வரவும், வரவும், வரவும். யாரோ ஒரு அதிகாரியின் குரல். என்னுடையது என்று எனக்கே நம்ப முடியவில்லை. இன்னொரு முறை சொல்ல வாயைத் திறந்தேன். வதனி கீழ் மாடியிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்து ஒலிவாங்கியை என் கையிலிருந்து பறித்தாள்.

“உங்களுக்கென்ன விசரே!”

“பிள்ளை, எல்லா மாடிக்கும் கேக்குமாம்...”

“அதுதான் சொல்லுறன்! ஒலிபெருக்கியிலை பேரைச் சொல்லிக் கூப்பிட்டா ஆரும் வருவினமே? ஆமி ஊரைச் சுத்தி வளைச்சு ரவுண்டப் எண்டா இப்பிடித்தான் கூப்பிடுவாங்கள். பயப்பட வேண்டாம், வெளியிலை வரவும் எண்டு, இதே தமிழ். மாமீன்ரை தம்பியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவங்கள். அவர் நம்பிப் போனவர். மாமி பின்கதவாலை பார்த்துக்கொண்டு நிண்டவ.”

“பிறகு?”

“பிறகெண்டு ஒண்டும் இல்லை அண்ணை. போனவர்தான்.”

காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் விளங்காவிட்டாலும் நான் ஏதோ பெரிய பிழை விட்டுவிட்டேன் என்பது அவருக்கு விளங்கியிருந்தது. மெதுவாக ஒலிவாங்கியின் பொத்தானை அணைத்தார்.

எங்கோ ஒரு மூலையில், என் குரலைக் கேட்டு அந்த மனுசி இன்னும் ஒடுங்கிப் போயிருப்பாள். சீனி இறங்கிக்கொண்டிருக்கும். அவளைக் கொல்வதற்குத் தேவையான எல்லாவற்றையும் நான் ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடித்திருந்தேன். தேடிப் பிடிக்கலாம் என்றால் மலை பெரிது. தவிர, ஆட்கள் தேடிவருகிற சத்தம் கேட்டால் அவள் இடம் மாறுவாள். பொலிஸைக் கூப்பிடலாமா என்று காவலாளி கேட்டார். சீருடையோடு நாலு பேர் டோர்ச் அடித்துக்கொண்டு உள்ளே வருவதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். அம்புலன்ஸ் சங்கு ஊதாமல் வாசலிலேயே நிற்கட்டும் என்றேன். அந்த நாளில் நான் எடுத்த முதல் சரியான முடிவு அதுதான். அதுவும் சரியா என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் ஏற்கனவே மயங்கிக் கிடந்தால், பொலிஸை வேண்டாம் என்றது நான்தான்.

“பிள்ளை,” என்றேன், “பங்கருக்குள்ளை இருக்கிற ஆள் எப்ப வெளியிலை வரும்? என்ன கேட்டா வரும்?”

வதனி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். “ஷெல் நிண்டாப் பிறகு முதல் கேக்கிறது பொம்பிளையளின்ரை வாய்தான். அடுப்பிலை வச்ச சோறு கரிஞ்சு போச்செண்டு ஆராவது கத்துவினம். அது கேட்டா நாங்கள் வெளியிலை வருவம்.” கண்ணைத் திறந்தாள். “ராணி அக்காவைக் கூப்பிடுங்கோ. ரோல்ஸ் பெட்டியையும் கொண்டுவரச் சொல்லுங்கோ. நீங்கள் ஒரு வார்த்தை கதைக்கக் கூடாது. ஒரு ஆம்பிளையின்ரை சத்தமும் கேக்கக் கூடாது.”

ராணி அக்கா எங்கள் பஸ்ஸில் வந்த இன்னொரு பயணி, சத்தத்துக்குப் பேர்போனவர். முழங்காலில் மண்ணோடு வந்தார். இரண்டு பெண்களும் கீழ் மாடியின் நடுவில், கார் ஓடும் பாதையில், தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தார்கள். நான் ஒரு தூணோடு ஒட்டி நின்று, கைலேஞ்சியால் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

“சாப்பிடுங்கோ ராணி அக்கா,” என்றாள் வதனி. குரலை உயர்த்தினாள். “மாமிக்கு வைக்கத் தேவையில்லை. அவவுக்கு என்ரை ரோல்ஸ் பிடிக்காது.”

“ஏன் பிள்ளை, நல்லாத்தானே இருக்கு.”

“கிழங்காம். மீனைக் காணேல்லையாம். தான் செய்தா நல்லாயிருக்குமாம். அவ இஞ்சை வந்து இறங்கின நாளிலை இருந்து நான் கேக்கிற கதை.”

சத்தம் பாறையில் பட்டு அடங்கியது. எங்கோ தண்ணீர் சொட்டியது. வேறொன்றும் இல்லை. வதனி கையில் இருந்த ரோல்ஸைப் பிசைந்துகொண்டிருந்தாள். தூள் தூளாக மடியில் விழுந்தது. ராணி அக்கா அவள் தொடையைத் தட்டி, தொடரச் சொல்லிக் கண் காட்டினார்.

“அவ ஒருக்கால் செய்தவ ராணி அக்கா. என்னத்தைச் சொல்ல. மிளகை அள்ளிக் கொட்டி... அவவின்ரை மகனே சாப்பிடாமல் குப்பையிலை போட்டவர். அம்மாவுக்குச் சொல்லாதை எண்டு எனக்குச் சத்தியம் வாங்கினவர்.”

“உண்மையே!”

“சத்தியமா. மாமிக்குச் சமைக்கத் தெரியாதெண்டு முழு பானுக்கும் தெரியும். அவவுக்கு மட்டும்...” அதற்கு மேல் அவளால் முடியவில்லை. வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

ஒரு வெள்ளை வானுக்கும் பாறைச் சுவருக்கும் இடையிலிருந்து ஒரு குரல் வந்தது. மெல்லிய, குழறிய குரல்.

“குப்பையிலையோ போட்டவன்?”

வதனி எழுந்து ஓடவில்லை. அது அவளுடைய கெட்டித்தனம். இருந்த இடத்திலேயே இருந்து, கண்ணீர் வழிய, “ஓம் மாமி, குப்பையிலைதான்” என்றாள். “வந்து நீங்களே கேளுங்கோ. இதிலை ரெண்டு மிச்சம் கிடக்கு.”

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். பற்களுக்கிடையில் கடித்திருந்த துணியைக் கையில் எடுத்திருந்தார். ஷெல் அடிக்கிறபோது காது செவிடாகாமல் இருக்கப் பல்லுக்கிடையில் எதையாவது கடிக்க வேண்டும் என்று பிறகுதான் அறிந்தேன். வேர்வையில் தலைமயிர் நெற்றியோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கி ரோல்ஸ் வாய்க்குப் போகவில்லை. வதனி பிடித்துக் கொடுத்தாள். ஒன்றை முடித்து மற்றதையும் வாங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணில் ஆள் திரும்பி வந்தது.

“கிழங்குதான் கூட,” என்றார்.

“ஓம் மாமி,” என்று வதனி அவர் மடியில் தலையை வைத்துவிட்டாள்.

அம்புலன்ஸ்காரர்கள் சீனி பார்த்து, குளுக்கோஸ் கொடுத்து, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். காவலாளி தடையைத் தூக்கினார். வெளியே வரிசையில் காத்திருந்த கார்கள் எல்லாம் ஹோர்ன் அடித்தன. கோட்டை பார்க்கவில்லை. இசைமேதையின் வீடும் பார்க்கவில்லை, எந்தப் பக்கத்து வீடும்.

இதிலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியது என்ன என்று கேட்பீர்கள். பஸ்ஸில் ஏறுகிற சனத்திடம் எந்த ஊர் என்று கேட்டால் போதாது, எந்த ஆண்டு வரை அங்கே இருந்தீர்கள் என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை நடுவில் மறிக்காமல் கேளுங்கள். திடீர்ச் சந்தோசம் எதையும் எவருக்கும் கொடுக்காதீர்கள். எங்கள் சனத்துக்குத் திடீர் என்று வந்த எதுவும் சந்தோசமாக வந்ததில்லை. சாப்பாட்டை எதற்காகவும் பிந்தவிடாதீர்கள். ஒரு ஆள் காணாமல் போனால், நீங்கள் அந்த இடத்தில் இருந்தால் எங்கே போவீர்கள் என்று யோசிக்காதீர்கள். நான் யோசித்தேன். நான் ஓடப் பார்த்த இடம் கோயில்.

திரும்பி வரும்போது மனம் கேட்கவில்லை. பஸ் புறப்பட்டதும் ஒலிவாங்கியை எடுத்து எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வெடி வழக்கம் எப்படி வந்தது, மலையை எப்படிக் குடைந்தார்கள், மனிதர் ஏன் பயப்படுகிறார்கள் என்று விளக்கிக்கொண்டே வந்தேன். நல்ல பேச்சு என்றுதான் நினைத்தேன். அக்கா முன் இருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். என் சொற்கள் அவருக்கு ஆறுதலாக இருக்கின்றன என்று எனக்குள் ஒரு நிறைவு.

சில வாரங்கள் கழித்து வதனியை பானில் ஒரு பூப்புனித நீராட்டு விழாவில் கண்டேன். அக்கா சுகமாக ஊருக்குத் திரும்பிவிட்டாராம்.

“மாமி அந்த நாளைப் பற்றி ஏதும் சொன்னவவே பிள்ளை?”

“என்ரை அவரும் கேட்டவர் அண்ணை, அம்மா நல்லாப் பயந்து போனியளோ எண்டு.” வதனி தட்டிலிருந்த பலகாரத்தைப் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள். “அதுக்கு மாமி சொன்னவ, ‘வெடி கொஞ்ச நேரத்திலை நிண்டிட்டுது தம்பி. அந்த மைக் வச்சிருந்த மனுசன்தான் பான் வரைக்கும் நிக்கேல்லை.’”